ஒரே அளவு

காலை ஐந்து நாற்பதுக்கு மரகதவல்லி தன் கண்ணாடைகளைக் கழற்றி உப்புநீர்க் கிண்ணத்தில் போட்டாள். ஊரில் இருந்த எழுத்துகள் எல்லாம் மறைந்தன.

கதவில் இருந்த வீட்டுப் பெயர் போயிற்று. குழாயின் மேல் இருந்த எச்சரிக்கை போயிற்று. ஊறுகாய்ப் புட்டியில் என்ன ஊறுகாய் என்பதும் போயிற்று. அங்கெல்லாம் சாம்பல் நிறத் தகடுகள் மட்டும் இருந்தன. தகடுகளில் பொடிப்பொடியாகப் புள்ளிகள்.

புதுக்குலசையில் எல்லோரும் காலையில் செய்கிற காரியம் இது. கண்ணாடை ஊறி முடியும்வரை மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மரகதம் திறந்து வைத்திருப்பாள்.

கட்டிலில் அவள் கணவன் எழினி கண்ணை மூடியிருந்தான். மடியில் அவனுடைய கிண்ணம்.

"வெறுங்கண்ணோட என்னத்தப் பாக்க?" என்றான். "எல்லாம் ஒரே சாம்பலு."

"இது மாங்காயா நார்த்தங்காயான்னு பாக்கேன்."

"மோந்து பாரு. மூக்குக்கு இன்னும் ஆடை வரல."

அவள் மூடியைத் திறந்து முகர்ந்தாள். நார்த்தங்காய்.

நிலவின் தென்முனைக்கு அருகில், எரிமலைக் குழம்பு எப்போதோ ஓடிக் குடைந்த ஒரு நீண்ட குகைக்குள் இருந்தது ஊர். குலசேகரன்பட்டினத்து ஏவுதளத்தைச் சுற்றி வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் வந்து கட்டியது. அவர்கள் ஊரில் ஓர் எழுத்தைக்கூட எழுதவில்லை. புள்ளித் தகடுகளை ஒட்டினார்கள். கண்ணின் மேல் படிந்திருக்கும் மெல்லிய கண்ணாடை அந்தப் புள்ளிகளைப் படித்து, அணிந்தவருக்குப் பிடித்த மொழியில், பிடித்த வடிவில், அவர் பார்வைக்கு வேண்டிய அளவில் எழுத்தாக்கிக் காட்டும். ஒரே தகட்டை ஒருவர் தமிழில் படிப்பார். பக்கத்தில் நிற்பவர் மலையாளத்தில் படிப்பார். வயதானவருக்கு எழுத்து பெரிதாகத் தெரியும். யாரும் யாரிடமும் எதையும் படித்துக் காட்டச் சொல்ல வேண்டியதில்லை.

மரகதம் பூமியில் பிறந்தவள். கண்ணாடைக்கு எழுத்துருக்கள் வரைவதற்காக மேலே அழைத்து வரப்பட்டவள். இப்போது கண்ணாடை தனக்கு வேண்டிய எழுத்தைத் தானே வரைந்துகொள்ளக் கற்றுவிட்டது. சென்ற ஆண்டு அவள் வேலை தேவைத் தொழில்களின் வரிசையிலிருந்து எடுக்கப்பட்டது. தேவைத் தொழில் இல்லாதவருக்குப் புதுக்குலசையில் காற்று கிடையாது. அடுத்த இறங்குகலத்தில் கீழே போக வேண்டும்.

கீழே என்றால் பூமி.

எழினி இங்கேயே பிறந்தவன். உறைநீர்ச் சுரங்கத்தில் துளைப்பொறி ஓட்டுகிறவன். ஆறில் ஒரு பங்கு எடையில் வளர்ந்த எலும்பு அவனுடையது. பூமியில் இறங்கிய நாளிலேயே இடுப்பு முறியும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் போனால் தனியாகத்தான் போக வேண்டும்.

ஊரை ஆண்ட எழுவர் மன்றம் ஒரு சலுகை கொடுத்திருந்தது. ஒரு கடைசி வேலை. அது மன்றத்துக்குப் பிடித்தால் அவள் இருப்பதைப் பற்றி மறுபடி கை தூக்குவார்கள். ஏழில் நான்கு கை வேண்டும்.

*

அந்த வேலையைக் கொண்டுவந்தவள் ஷமீமா. ஊரின் ஒரே கலை மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறவள். அதில் இதுவரை கலை எதையும் வைத்ததில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கல்யாணங்கள் நடந்தன.

"ஓவியக் கண்காட்சி," என்றாள் ஷமீமா. "அஞ்சு பேரு வரைஞ்சிருக்காங்க. நம்மூருப் புழுதியைக் குழைச்சு. ஆனா ஆடையோட பாத்தா ஒண்ணும் தெரியாது."

அது உண்மை. கண்ணாடை எழுத்தை மட்டும் மாற்றவில்லை. குகையின் சாம்பல் நிறத்தைக் கொஞ்சம் சிவப்பாக்கிக் காட்டியது. மனத்துக்கு நல்லது என்று தொடக்கத்தில் செய்த ஏற்பாடு. ஊரார் தங்கள் சுவரின் நிறத்தைக் காலையில் பார்த்திருக்கலாம். அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

"வாசல்லயே ஆடையைக் கழத்திரணும். பேரே வெறுங்கண். ஆனா கழத்திட்டா புள்ளித் தகட்டைப் படிக்க முடியாது. எது வாசல், எது யாரு படம், ஒண்ணும் தெரியாது. எழுத்து வேணும், மரகதம். நெசமான எழுத்து. நான் பாக்கறதையே அடுத்தவளும் பாக்கணும். இந்த ஊர்ல அதை வரையத் தெரிஞ்ச ஒரே ஆளு நீதான்."

"எனக்கும் இது ஒண்ணுதான் தெரியும்," என்றாள் மரகதம்.

பழுதாகிப் போன ஓர் இறங்குகலத்தின் வெளித்தகடு கிடைத்தது. அலுமினியம். அதை வெட்டும் சுடர்க்கத்தி ஒரே தடிமனில்தான் வெட்டும். ஆகவே எழுத்தின் எல்லாக் கோடும் ஒரே தடிமன். மூடிய சுழியை வெட்டினால் உள்ளே இருக்கும் உலோகம் கழன்று விழுந்துவிடும். ஆகவே எந்தச் சுழியையும் அவள் முழுதாக மூடவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு நெல் அகலம் விட்டாள். எழுத்துகள் பேசத் தொடங்குகிற வாய்கள் போல ஆயின.

வெறுங்கண். கொம்பில் தொடங்கிச் சுழியில் முடிகிற சொல். அதை நூறு முறை வரைந்திருப்பாள். ஒரு முறை, வரைந்த காகிதத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனவள், திரும்பி வரும்போது தூரத்திலிருந்து பார்த்தாள். சொல்லில் இரண்டு இடத்தில் மெய். இரண்டு புள்ளிகள். ஒரே உயரத்தில், தலைக்கு மேல், கொஞ்சம் இடைவெளி விட்டு.

இரண்டு கண்கள்.

அந்த இரண்டு புள்ளிகளை மட்டும் ஆளுயரத்தில், முகம் அளவுக்குப் பெரிய துளைகளாக வெட்டினாள். வாசல் தகட்டில் அவற்றின் வழியே பார்த்தால் உள்ளே முதல் ஓவியம் தெரியும். அழைப்பில், நுழைவுச் சீட்டில், திசை காட்டும் அம்புக்குப் பதிலாக, எங்கும் அந்த இரண்டு துளைகள். வேறு அலங்காரம் இல்லை.

ஷமீமா துளையில் முகத்தை வைத்து வெகு நேரம் நின்றாள்.

"இதுக்கு மேல ஒண்ணும் சேக்காத," என்றாள். பிறகு, "சேக்கணும். மன்றத்து ஏழு பேரோட பேரும் வாசல்ல வேணும். அந்த நிபந்தனையிலதான் மண்டபம் குடுத்திருக்காங்க."

"எந்த வரிசையில?"

"வழக்கம் போலன்னாங்க. எனக்குத் தெரியாது. கேட்டுக்க."

*

மன்றத் தலைவர் தங்கப்பழம் பட்டறைக்குத் தானே வந்தார். ஊருக்குக் காற்று செய்யும் மூச்சாலை அவர் பொறுப்பு. கனத்த மனிதர். நிலவின் எடைக்குறைவிலும் மெதுவாகத்தான் நடப்பார்.

"அண்ணாச்சி, பேரு வரிசை எப்படின்னு சொல்லணும்," என்றாள்.

"வழக்கம் போல வச்சிரு, தாயி."

"வழக்கம்னா?"

அவர் முகம் சுருங்கியது. புதுக்குலசையில் தன் பெயர் எங்கே, எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று வாய்விட்டுப் பேசுவது அற்பத்தனம். அதைப் பேசாமல் இருப்பதுதான் பெருந்தன்மை.

"நீயா கேட்டதால சொல்லுதேன். எம்பேரு மேல. கொஞ்சம் பெருசா. மத்த ஆறும் கீழ, ரெண்டு விரக்கடை சின்னதா. மூச்சாலைத் தகட்டுல அப்படித்தான இருக்கு? பள்ளிக்கூடத்துல அப்படித்தான? நாப்பது வருசமா ஒருத்தரும் முகம் கோணுனதில்ல. நம்ம பிரிஸ்கில்லாளை எடுத்துக்க. சொரங்கமே அவ கையில. இருந்தும் எம்பேருக்குக் கீழ அவ பேரு இருக்கதுக்கு ஒரு சொல்லு சொன்னதில்ல. அவதான் மனுசி."

அவர் போன சற்று நேரத்தில் பிரிஸ்கில்லா வந்தார். உறைநீருக்குப் பொறுப்பான உறுப்பினர். நின்றுகொண்டே பேசுகிறவர்.

"ஏளா, வழக்கத்தை மாத்திராத."

"என்ன வழக்கம்க்கா?"

"இது என்ன கேள்வி? எம்பேரு மொதல்ல, பெருசா. மத்தது கீழ. அண்ணாச்சி தலைவரு. அவரு நெனைச்சா தூக்கி மேல வச்சிருக்கலாம். இன்னைய வரைக்கும் வாயைத் தொறந்ததில்ல. அந்த மனசு ஒருத்தருக்கும் வராது."

மரகதத்தின் கையில் இருந்த அளவுகோல் மேசையில் மெதுவாக இறங்கியது. அந்த எடையில் எல்லாமே மெதுவாகத்தான் இறங்கும்.

அவள் மற்ற ஐவரிடமும் போனாள். ஐவரும் வழக்கத்தைச் சொன்னார்கள். ஐவரும் மற்றவர்களின் பெருந்தன்மையைப் புகழ்ந்தார்கள். கழிவுநீருக்குப் பொறுப்பான அந்தோணிப்பிச்சை கண் கலங்கினார். "என்னைய மாதிரி ஒருத்தன் பேரை மேல வச்சிக்கிட்டு அத்தனை பெரிய மனுசங்க கீழ நிக்காங்களே," என்றார். "அதான்மா இந்த ஊரு."

ஏழு வழக்கங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒருவர்தான் மேலே.

காரணம் அவளுக்குத் தெரிந்ததுதான். கண்ணாடை செய்தபோது ஒரு சிறு வசதி சேர்த்தார்கள். அதற்கு 'தன்பெயர் முன்னிறுத்தம்' என்று பெயர். தண்ணீர் முறைக்கோ தேர்வு முடிவுக்கோ நீண்ட பெயர்வரிசையின் முன்னால் நிற்பவர் தன் பெயரைத் தேடித் திணற வேண்டாம் என்று, அவரவர் பெயரை அவரவர் கண்ணுக்கு முதலில், பெரிதாகக் காட்டும். பிற்பாடு அந்தப் பெரிய எழுத்தின் தடிமனைத் திருத்தி வரைந்தவள் அவளே. திறப்பு விழாத் தகடுகளைப் பற்றி அன்று யாரும் யோசிக்கவில்லை.

மற்றக் குடியேற்றங்களில் மன்றங்கள் ஆண்டுக்கு ஒருமுறை உடைந்தன. புதுக்குலசையின் மன்றம் உடையவில்லை. அந்த ஒற்றுமையின் இரகசியத்தை அறிய வெளியூர்களிலிருந்து ஆய்வாளர்கள் வந்து தங்கிப் போனார்கள். தலைமைப் பண்பு என்று எழுதினார்கள்.

*

"நம்ம கல்யாண அழைப்புல எம்பேருதான் பெருசா இருந்துச்சு," என்றான் எழினி. சாப்பாட்டுத் தட்டில் கை நின்றிருந்தது. "ஒம்பேரு கீழ சின்னதா. நீ ஒண்ணும் சொல்லலையேன்னு நான் பெருமையா நெனைச்சிக்கிடுவேன்."

"எனக்கு எம்பேரு பெருசாத் தெரிஞ்சிது," என்றாள். "நீங்க ஒண்ணும் சொல்லலையேன்னு நான் நெனைச்சிக்கிட்டேன்."

எழினி தட்டை ஓரமாகத் தள்ளினான்.

"வாசல்ல எழுத்து எல்லாருக்கும் ஒண்ணாத் தெரியுமா?"

"ஒண்ணாத்தான் தெரியும். ஆடை போட்டாலும் கழத்துனாலும். அது புள்ளியைத்தான் மாத்தும். வெட்டுன எழுத்தை அதுக்குத் தெரியாது."

"நாலு கை போதும் ஒனக்கு. நாலு பேரு பேரை மட்டும் பெருசாக்கு. மிச்சம் மூணு பேரு கோவிச்சா கோவிச்சிட்டுப் போறாங்க."

அவள் அதையும் வரைந்து பார்த்திருந்தாள்.

"ஆகாது. ஒவ்வொருத்தருக்கும் தன் பேரு பெருசா இருந்தா மட்டும் பத்தாது. மத்தது எல்லாம் சின்னதா இருக்கணும். நாலு பெருசுன்னா நாலு பேருக்கும் அவமானம்."

"ஏழு வாசல் வச்சிரு."

"விளையாடாதிய."

"நான் வெளையாடல, மரகதம்." அவன் குரல் இறங்கியது. "கலம் வந்து நிக்கி. இன்னைக்கு மேல போயிப் பாத்தேன். எரிபொருள் ஏத்திக்கிட்டு இருக்காங்க."

மறுநாள் ஷமீமாவிடம் சொன்னாள். ஷமீமா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள்.

"முன்கூட்டியே ஏழு பேர்கிட்டயும் சொல்லிட்டா?"

"நம்ப மாட்டாங்க."

"நம்பிட்டா?"

"அது இன்னும் மோசம்."

"ஒனக்கு எது வேணுமோ செய்யி," என்றாள் ஷமீமா. "நீ கீழ போயிட்டா இந்த வாசலு எனக்கு எதுக்கு? சின்னது பெருசு வச்சே ஆகணும்னா வையி. நான் குத்தம் சொல்ல மாட்டேன்."

ஒருவரைப் பெரிதாக்கினால் முகம் கோணுவது ஆறு பேர். எல்லோரையும் ஒன்றாக வைத்தால் ஏழு பேர். கணக்கில் ஒரு கைதான் வித்தியாசம். அதோடு, அந்த வாசலில் இருந்த ஒவ்வொரு கோடும் ஒரே தடிமன். அவள் ஏழு பெயரையும் அகர வரிசையில், ஒரே வரியில், ஒரே அளவில் வெட்டினாள்.

*

திறப்பு விழாவுக்கு ஊர் முழுவதும் வந்தது. வாசலில் உப்புநீர்க் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொருவராக ஆடையைக் கழற்றினார்கள். சிலர் சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள். "நம்ம ஊரா இது?" என்று ஒருவர் மெல்லக் கேட்டார். துளைகளில் முகம் வைக்கக் கூட்டம் சேர்ந்தது.

எழுவரும் சேர்ந்து வந்தார்கள். தோளில் தோள் உரச, சிரித்துப் பேசிக்கொண்டு. கழற்றினார்கள். நிமிர்ந்தார்கள்.

பேச்சு நின்றது.

மரகதம் ஓரமாக நின்று அவர்கள் கண்களை மட்டும் பார்த்தாள். ஏழு ஜோடிக் கண்கள் இடமிருந்து வலமாகப் போயின. பின் மேலே போயின. மேலே எதுவும் இல்லை. பின் மறுபடி இடமிருந்து வலம். தங்கப்பழம் தகட்டின் அருகில் போய், யாரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில், தன் பெயரின் உயரத்தில் விரல்களை வைத்தார். பிறகு பக்கத்துப் பெயரின் உயரத்தில் வைத்தார். அந்தோணிப்பிச்சையின் பெயர் வரிசையில் முதலில் இருந்தது. அவர் முகமும் தெளியவில்லை. முதலில் இருந்தது, பெரிதாக இல்லை.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். எழுவரில் ஒருவரும் உள்ளே போகவில்லை. கிண்ணத்திலிருந்து ஆடைகளை எடுத்துக்கொண்டு ஏழு பேரும் ஏழு பக்கம் போனார்கள்.

தங்கப்பழம் மட்டும் அவளைக் கடக்கும்போது நின்றார்.

"யாரு சொல்லி இப்படி வச்ச?"

"யாரும் சொல்லல, அண்ணாச்சி."

"நாளைக்கு மன்றத்துல சொல்லு."

*

மன்ற அறையின் சுவரில் ஊர் தொடங்கியபோது பதித்த தகடு இருந்தது. அதில் எழுவரின் பெயர்கள் புள்ளிகளாக இருந்தன. அவள் அதற்கு எதிரே நிறுத்தப்பட்டாள். எழினி வெளியே காத்திருந்தான்.

"வழக்கம் என்னன்னு ஒனக்கு நான் தெளிவாச் சொன்னேன்," என்றார் தங்கப்பழம்.

"நானும் சொன்னேன்," என்றார் பிரிஸ்கில்லா.

மற்றவர்களும் தாங்கள் சொன்னதாகச் சொன்னார்கள். ஒரே வழக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று அவர்கள் அப்போதும் நம்பினார்கள். ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டார்கள். வழக்கத்தை மீறியவள் இவள் ஒருத்திதான்.

மரகதம் சுவர்த் தகட்டைப் பார்த்தாள். சொன்னால் அந்த நான்கு கை போய்விடும். சொல்லாவிட்டாலும் போய்விடும்.

"ஏழு பேரும் இந்தத் தகட்டைப் பாருங்க," என்றாள். "மேல பெருசா இருக்க பேரை, நான் கையைத் தட்டுனதும் ஒண்ணாப் படிங்க. சத்தமா. அது போதும். நான் வேற ஒண்ணும் சொல்லல."

"இது என்ன பிள்ளை விளையாட்டு?"

"ஒரு தடவை, அண்ணாச்சி."

அவள் கையைத் தட்டினாள்.

ஏழு வாய்கள் ஏழு பெயர்களைச் சொல்லின.

பிரிஸ்கில்லா தங்கப்பழத்தைப் பார்த்தார். நாற்பது ஆண்டு அண்ணாச்சி என்று கூப்பிட்ட மனிதரை முதன்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். அந்தோணிப்பிச்சை தரையைப் பார்த்தார்.

"ஒமக்கு ஒம்ம பேரா தெரியுது?" என்றார் ஒருவர்.

"பெறகு ஒம்ம பேரா தெரியும்?"

மரகதம் கண்ணாடையின் வசதியை விளக்கினாள். சுருக்கமாக.

தங்கப்பழம் தகட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். "அப்போ, மூச்சாலைத் தகட்டுல எம்பேரை ஊர்ல ஒருத்தன்கூட பெருசாப் பாத்ததில்ல?"

"உங்க கண்ணுல மட்டுந்தான், அண்ணாச்சி."

"நாப்பது வருசம்."

"ஆமா."

"வெளியில நில்லு," என்றார்.

வெளியே எழினி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கதவுக்குப் பின்னால் குரல்கள் உயர்ந்தன. நாற்காலி ஒன்று விழுந்தது, நிலவில் விழுவது போல மெதுவாக, ஆனால் வீசி எறிந்தது என்று தெரிந்தது. பின் சத்தம் அடங்கியது.

"நான் வாறேன் கூட," என்றான் எழினி.

"கிறுக்குத்தனமாப் பேசாதிய."

"படுத்தே கெடக்கேன். கீழ கட்டிலு கெடையாதா?"

கதவு திறந்தது. எழுவரும் தங்கள் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எந்த இரண்டு நாற்காலியும் தொடவில்லை. தங்கப்பழம் தீர்மானத்தைப் படித்தார். எழுத்து வெட்டுவது இன்று முதல் தேவைத் தொழில். காற்று, நீர், எழுத்து, மூன்றும் ஒரே தரம். மரகதவல்லி என்பவர் வாழ்நாள் முழுவதும் புதுக்குலசையில் இருக்கலாம். ஏழு கைகளும் உயர்ந்திருந்தன. மன்றத்தின் கடைசி ஒருமித்த தீர்மானம் அது.

எழினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அவளுக்கு அழுகை வந்தது. கூடவே ஏன் என்று ஒரு கேள்வியும் வந்தது.

பதில் வாசலைத் தாண்டுவதற்குள் கிடைத்தது.

"தாயி," என்றார் தங்கப்பழம், அவளை ஓரமாக அழைத்து. "மூச்சாலை வாசலுக்கு ஒரு பலகை வேணும். எம்பேரு மட்டும். நீ வெட்டுனியே, அந்த எழுத்துல. எவன் பாத்தாலும் மாறக்கூடாது. பத்தடி."

தெரு முனையில் பிரிஸ்கில்லா நின்றிருந்தார்.

"அவரு எத்தனை அடி சொன்னாரு?" என்றார். "அதுக்கு ரெண்டடி கூட."

*

மரகதம் பத்துப் பேரை வேலைக்கு வைத்தாள். பிறகு இன்னும் பத்துப் பேர். இறங்குகலங்களில் பழுதாகாதவற்றின் தகடுகளும் வந்தன. முதலில் எழுவரின் பலகைகள். பிறகு எழுவரில் யாரையாவது வாழ்த்துகிறவர்களின் பலகைகள். அதில் வாழ்த்துகிறவர் பெயர் வாழ்த்தப்படுகிறவர் பெயரைவிட எவ்வளவு சிறிதாக இருக்கலாம் என்று நீண்ட பேச்சுவார்த்தை நடக்கும். காதுகுத்துக்கு ஒரு பலகை. பூப்பு நீராட்டுக்கு ஒன்று. இறந்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி, அஞ்சலி செலுத்துகிறவர்களின் பெயர்களோடு. பெயர் மட்டும் போதாது என்று ஒருநாள் யாரோ கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து முகங்கள். ஷமீமாவின் ஓவியர் ஐவருக்கும் வேலை கிடைத்தது. கைகூப்பிச் சிரிக்கிற முகங்களை அவர்கள் வரைந்தார்கள். புழுதி நிறம் வேண்டாம் என்றார்கள் வாங்குகிறவர்கள். நல்ல சிவப்பாக வேண்டும்.

மேலிருந்து வெளிச்சம் கொண்டுவரும் ஒளிக்கிணறுகளில் இரண்டின் வாய் பலகைகளால் அடைபட்டது. எடுக்கச் சொல்ல முடியாது. எடுத்தால் யாருடையதை முதலில் எடுப்பது என்று கேட்பார்கள். அந்தத் தெருவில் பகலிலும் விளக்கு எரிந்தது.

"பெருசு வெட்ட வெட்ட அதுக்கு மேல ஒண்ணு கேக்காங்க," என்றாள் எழினியிடம்.

"கேக்கட்டும்," என்றான். "நீ இங்க இருக்க." பிறகு கொஞ்சம் தயங்கினான். "சொரங்கத்துல நம்ம குழுவுக்கு ஒரு பலகை வைக்கலாம்னு பேசிக்கிட்டாங்க. எம்பேரையும் போடணுமாம். வேண்டாம்னுதான் சொன்னேன்." இன்னும் தயங்கினான். "போட்டா எங்க போடுவ?"

வெறுங்கண் கண்காட்சியைப் பொதுமக்கள் விருப்பத்துக்கு இணங்க நீட்டித்தார்கள். கூட்டம் குறையவில்லை. வாசலிலேயே நின்று, ஏழு பெயரும் ஒரே அளவில் இருக்கிற அதிசயத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பினார்கள். உள்ளே போனவர்கள் குறைவு. மண்டபத்துக்கு உதவியவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று மன்றம் ஓலை அனுப்பியது. உள்சுவர்கள் காலியாகத்தானே இருக்கின்றன என்றது. முதல் வாரம் ஒரு சுவரிலிருந்து ஓவியங்கள் இறங்கி, பெயர்கள் ஏறின. பிறகு அடுத்தது. உதவியவர்கள் பெருகினார்கள்.

மரகதம் அளவுநாடாவோடு கடைசிச் சுவரின் முன் நின்றாள். பதினெட்டடிக்கு ஒரு பெயர் வர வேண்டியிருந்தது. பதினேழரைதான் இருந்தது. ஏணியில் ஒருவன் நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்தான். அவள் மறுபடி அளந்தாள்.

ஷமீமா பின்னால் வந்து நின்றாள். கண்ணாடை போட்டிருக்கவில்லை. நெஞ்சோடு அணைத்து ஓர் ஓவியத்தைப் பிடித்திருந்தாள். சுரங்கத்தின் வாய், சாம்பலில். அவள் மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு மரகதத்தின் முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

"இதை எங்க மாட்டட்டும்?"